சாம்பாரும் சாதகமும்

(திருப்பாதிரிப்புலியூர் தேரடிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘கலைத்திறனுக்குப் பெரிதும் காரணம் பிறவிக் கொடையா, பயிற்சியா?’ ‘பயிற்சியே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, பாடலீசுவரர் தேரடியில பாய் விரிச்சு உக்காந்திருக்கிற என் ஊர் சனங்களே, வணக்கம். வணக்கம் இவ்வளவுதான். எனக்குக் குடுத்திருக்கிற நேரம் கொஞ்சம், அதுலயும் ரெண்டு நிமிஷத்தை விழுப்புரம் பாசஞ்சர் எடுத்துக்கும்.

முதல்ல ஒரு கணக்கைத் தீர்க்கணும். எனக்கு முன்னால பேசின புதுச்சேரிப் பேராசிரியர் ஐயா என்ன கேட்டார்? ‘பயிற்சி பயிற்சின்னு பேச வந்திருக்கிற சகோதரி, கல்யாணமான நாள்லேருந்து தினம் சாம்பார் வைக்கிறாங்க. பயிற்சியால கலை வரும்னா இந்நேரம் அந்தச் சாம்பாருக்கு ஒரு விருது வந்திருக்கணுமே? அவங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே!’ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. தட்டினது யாரு யாருன்னு நான் பார்த்து வச்சிருக்கேன். மூணாவது வரிசையில ஒருத்தர் எழுந்து நின்னே தட்டினார். அவர்தான் என் வீட்டுக்காரர்.

ஐயா, உங்களுக்கு நான் நன்றி சொல்லணும். என் சாம்பார் நல்லா இருக்குன்னு நான் வாதாடப் போறதில்லை. அது ஏன் நல்லா இல்லைன்னு விளக்கினாலே எங்க அணி ஜெயிச்சிரும்.

1993ல ஆண்டர்ஸ் எரிக்சன்னு ஒரு உளவியல் அறிஞரும் அவர் கூட ரெண்டு பேரும், பெர்லின்ல ஒரு இசைக் கல்லூரியில வயலின் படிக்கிற பிள்ளைங்களை ஆராய்ஞ்சாங்க. முதல் தரம், அடுத்த தரம், இசை வாத்தியார் வேலைக்குப் போகப் போறவங்கன்னு மூணு கூட்டம். இருபது வயசுக்குள்ள யார் யார் தனியா உக்காந்து எவ்வளவு நேரம் சாதகம் பண்ணியிருக்காங்கன்னு கூட்டிப் பார்த்தா, முதல் தரத்துப் பிள்ளைங்களுக்குச் சராசரி பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டுது. அடுத்தடுத்த கூட்டத்துக்குக் குறைஞ்சுகிட்டே வருது. அந்தப் பத்தாயிரத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் ஐயா நேரா என் அடுப்படிக்கு வந்துட்டார்.

ஆனா எரிக்சன் கடிகாரத்தைப் பத்தி மட்டும் பேசலைங்க. எது கைக்கு வரலையோ அதைத் தேடிப் போய் அதையே வாசிக்கணும். தப்பு எங்கன்னு சொல்ல ஆள் வேணும். சொன்னதைத் திருத்தி மறுபடி வாசிக்கணும். அதுதான் அவர் சொன்ன பயிற்சி. இப்ப என் அடுப்படிக்கு வாங்க. அங்க தப்பு சொல்ற வாத்தியார் யாரு? மூணாவது வரிசை. ‘சாம்பார் எப்படி இருக்கு?’ன்னு கேட்டா அவர் இதுவரைக்கும் சொன்ன ஒரே விமரிசனம், ‘ம்’. உப்பு கம்மியா? ‘ம்’. புளி தூக்கலா? ‘ம்’. ஒரு நாள் வேணும்னே உப்பே போடாம வச்சேன். அன்னிக்கும் ‘ம்’. வாத்தியார் வாயே திறக்காத பள்ளிக்கூடத்துல மாணவி எப்படிங்க பாஸாவா?

இவரே ஊர் முழுக்கச் சொல்வார், ‘எங்க அம்மா கைப்பக்குவம் இருக்கே, அது பிறவியிலேயே வர்றது’ன்னு. நான் போய் எங்க அத்தைகிட்டயே கேட்டேன். அத்தை சிரிச்சாங்க. ‘பிறவியாவது ஒண்ணாவது! எங்க மாமனார் ஒரு வாய் வைப்பாரு. தட்டைத் தள்ளி விட்ருவாரு. பருப்பு நெறிஞ்சிருக்கும்பாரு, பெருங்காயம் பச்சையா நிக்குதும்பாரு. அழுதுகிட்டே மறுபடி கூட்டி வைப்பேன். ரெண்டு வருஷம் அழுதேன், அப்புறம் அவர் தட்டைத் தள்ளலை.’ அப்படி ஒரு வாத்தியார் யாருக்கும் வாய்க்க வேணாம். ஆனா அத்தைக்கு அது கொடை இல்லைங்க, கண்ணீரு. மகன் சாப்பிட உக்காந்தப்ப கண்ணீரெல்லாம் காஞ்சு போச்சு, அதனால பிறவின்னு நினைச்சுக்கிட்டார்.

அதே ஆராய்ச்சியில இன்னொண்ணும் இருக்கு. நல்லா வாசிச்ச பிள்ளைங்க தூக்கமும் நல்லாத் தூங்கியிருக்காங்க, மத்தியானத் தூக்கமும் அதுல சேர்த்தி. இதை நான் வீட்டுல வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னிலேருந்து மூணாவது வரிசை தினம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் சாதகம் பண்ணுது.

ஐயா கையில இன்னொரு துருப்புச்சீட்டு. 2014ல 88 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததுல, இசையில ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல பயிற்சி விளக்கறது 21 சதவீதம்தான், ஆக மீதி 79 ஆண்டவன் குடுத்ததுன்னார். 21 சரி, நான் மறுக்கலை. ஆனா மீதி 79ல ஆண்டவன் கையெழுத்தை எங்க பார்த்தீங்க? எந்த வயசுல தொடங்கினான், எப்படிப்பட்ட வாத்தியார் கிடைச்சார், வீட்டுல வயலின் வாங்கக் காசு இருந்துச்சா, அக்கம்பக்கம் ‘என்னடா சத்தம்’னு கத்துச்சா, எல்லாம் அந்த 79க்குள்ளதான் ஒண்டிக்கிட்டு இருக்கு. பிறவி வாகும் அதுல ஒரு பங்கு. பங்கு கேளுங்க, குடுக்கறோம். பத்திரத்தையே எழுதி வாங்கிட்டுப் போகாதீங்க.

சரி, தத்துவத்துக்கு வருவோம். பிளேட்டோவைச் சொன்னார். கவிஞன் தன் வசத்துல இல்லை, தெய்வம் அவன் வாயால பேசுது, காந்தக்கல்லு ஒரு இரும்பு வளையத்தை இழுக்க, அந்த வளையம் அடுத்த வளையத்தை இழுக்கிற மாதிரி அருள் தெய்வத்துலேருந்து கவிஞனுக்கும், கவிஞன்லேருந்து பாடறவனுக்கும், அவன்லேருந்து சபைக்கும் பாயுதுன்னு. கேக்க எவ்வளவு அழகா இருக்கு! நானும் அந்த ‘அயோன்’ உரையாடலைப் படிச்சேன். அதுல சாக்ரடீஸ் யார்கிட்ட பேசறார் தெரியுமா? அயோன்னு ஒரு ஆளு. தொழில், மேடையேறி ஹோமர் காவியத்தைச் சொல்றது. அப்பதான் ஒரு திருவிழாப் போட்டியில முதல் பரிசு வாங்கிட்டு நேரா வர்றான். அதாவது நம்ம ஆளுங்க! ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய பட்டிமன்றப் பேச்சாளர்!

சாக்ரடீஸ் அவனைத் தட்டிக் குடுத்துக்கிட்டே கேக்கறார்: நீ பாடறப்ப உன் நினைவுலயே இல்லையே, அப்படித்தானே? ‘ஆமாம் ஆமாம், கண்ணுல தண்ணி வரும், மயிர்க்கூச்செறியும்’கறான். அடுத்த மூச்சுலயே உளறிடறான். மேடையிலேருந்து சனங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன், அவங்க அழுதா எனக்குச் சிரிப்பு, ஏன்னா காசு வரும். அவங்க சிரிச்சா நான்தான் அழணும், காசு போச்சுங்கறான். ஏங்க, சாமி வந்து ஆடறவன் உண்டியலை எண்ணுவானா? கடைசியில சாக்ரடீஸ் மடக்கறார்: ஒண்ணு நீ எங்களை ஏமாத்தறவன், இல்லைன்னா தெய்வ அருள் பெத்தவன், எதுன்னு வச்சுக்கலாம்? ‘தெய்வ அருள்தான் கௌரவமா இருக்கு, அதையே வச்சுக்குவோம்’னு முடிக்கிறான். இந்தக் கிண்டலைக் கொண்டு வந்து வேதவாக்கா வைக்கிறார் ஐயா. முதல் பரிசு வாங்கின பேச்சாளனுக்கு அருள்னு சொல்லிக்க ஆசை. நடுவர் அவர்களே, இன்னிக்கு எனக்கு முதல் பரிசு குடுத்துப் பாருங்க, நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஜெர்மன் தத்துவ ஞானி காண்ட்டையும் கூப்பிட்டார். 1790ல காண்ட் எழுதினாராம், நியூட்டன் செஞ்சதைக் கத்துக்கலாம், ஹோமர் செஞ்சதைக் கத்துக்க முடியாதுன்னு. எழுதினார். அதே புத்தகத்துல, மேதைமை சரக்கைத்தான் கொட்டும், அதுக்கு உருவம் குடுக்கப் பள்ளியில பயின்ற திறமை வேணும்னும் எழுதியிருக்கார். அடுத்த பக்கத்தைப் புரட்டறதுக்குள்ள ஐயாவுக்குப் புதுச்சேரி பஸ் வந்துடுச்சு போல.

இப்ப நான் பிளேட்டோவோட காந்தக்கல்லை நேர்ல பார்த்த கதை. எங்க சித்தப்பா கதை.

எங்க சித்தப்பா பிறவிக் கலைஞர். இதை நான் சொல்லலை, எங்க பாட்டி சொன்னாங்க. சித்தப்பா மூணு வயசுல, யாரும் சொல்லிக் குடுக்காம, அடுப்புக் கரியை எடுத்து நடைச் சுவத்துல ஒரு பிள்ளையார் போட்டாராம். அந்தச் சுவத்தைப் பாட்டி அழிக்க விடலை. பொங்கலுக்கு வீடு பூரா வெள்ளையடிப்போம், அந்த ஒரு சதுரத்தை மட்டும் விட்டு அடிப்போம். வருஷம் ஏற ஏற வீடு வெளுத்துக்கிட்டே வரும், அந்தச் சதுரம் கறுத்துக்கிட்டே வரும். வர்றவங்களையெல்லாம் பாட்டி கையைப் பிடிச்சுக் கூட்டிப் போய்க் காட்டுவாங்க. யானைன்னு சிலர் சொல்வாங்க, பிள்ளையார்தான்னு சிலர். எங்க அப்பா மட்டும் கடைசி வரைக்கும் அது ஈஸிசேர்னே சொல்லிக்கிட்டிருந்தார்.

கதையைப் பாருங்க. நான் ஒண்ணாவது படிக்கிறப்ப, சித்தப்பா பிள்ளையார் போட்டது மூணு வயசுல. நான் அஞ்சாவது வந்தப்ப ரெண்டரை வயசுல. எனக்குக் காது குத்தினப்ப... இல்ல, அது முன்னாலயே குத்திட்டாங்க. எனக்குச் சடங்கு சுத்தினப்ப, வந்த சொந்தக்காரங்ககிட்ட பாட்டி, ‘ஒண்ணரை வயசுல போட்டான், அப்பதான் தவழ்ந்தான்’னாங்க. பாட்டி இன்னும் ஒரு அஞ்சு வருஷம் இருந்திருந்தா, வயித்துக்குள்ளயே கோடு கிழிச்சான்னு சொல்லியிருப்பாங்க.

அந்தச் சித்தப்பா வளர்ந்து மஞ்சக்குப்பத்துல போர்டு எழுதற கடை வச்சார். ஃப்ளெக்ஸ் வராத காலம். கடைப் பலகை, லாரி, கட்சிச் சுவரு, எல்லாம் கையெழுத்துதான். இன்னிக்கு எனக்குப் பின்னால தொங்குதே பேனர், அதை யாராவது படிச்சீங்களா? ‘பட்டிமண்றம்’. மூணு சுழி போட்டு அடிச்சிருக்கான். நடுவர் ஐயா திரும்பிப் பார்க்காதீங்க, அப்புறம் தீர்ப்பு சொல்ல மனசு வராது.

பண்ருட்டிக்காரர் ஒருத்தர் பாத்திரக்கடை திறக்கிறார். மூணு மாசம் முன்னாலயே சித்தப்பாகிட்ட முன்பணம் குடுத்துட்டார். பலகை வந்தாச்சு, அடிவண்ணம் பூசியாச்சு. அதுக்கு மேல ஒரு கோடு விழலை. கேட்டா சித்தப்பா ஈஸிசேர்ல சாஞ்சுக்கிட்டு, ‘இன்னும் வரலைங்க’ம்பார். ‘என்ன வரலை, பெயிண்டா?’ ‘இல்லீங்க, உள்ளேருந்து வரணும்.’ எங்க அம்மா, சித்தப்பாவுக்கு அண்ணி, மணிக்கு ஒரு காப்பி கொண்டு போய் வைப்பாங்க. காப்பி உள்ள போகும். எழுத்து வெளிய வராது. கடை திறக்க ஒரு மாசம், ஒரு வாரம், ரெண்டு நாள். பாத்திரக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடறார்: ‘ஐயா, நான் காவியமா கேக்கறேன்? பாத்திரக்கடைன்னு ஒத்தைச் சொல்லு. அஞ்சாறு எழுத்து. அதுக்கு எதுக்கய்யா உள்ளேருந்து வரணும்?’ சித்தப்பா கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னார், ‘அந்த அஞ்சாறுதாங்க வரமாட்டேங்குது.’

அந்தக் கடையில ஒரு பையன் இருந்தான். முந்திரிக் கொட்டை உடைக்கப் போற ஒரு அம்மாவோட மகன். பிரஷ்ஷை மண்ணெண்ணெய்ல கழுவறதுதான் அவன் வேலை. மத்தியானம் சித்தப்பா தூங்கறப்ப, அவன் மொட்டை மாடிக்கு வருவான். நல்ல சித்திரை வெயில், சிமென்ட் தரை கொதிக்கும். ஒரு டப்பாவுல தண்ணி. பிரஷ்ஷைத் தண்ணியில தொட்டு அந்தத் தரையில எழுதுவான். பெயிண்டுக்குக் காசு யார் குடுப்பா? நான் வடகம் காவல் காக்க உக்காந்திருப்பேன், பார்த்துக்கிட்டே இருப்பேன். ‘ழ’ போடுவான். கீழ வாலைச் சுழிக்கிறதுக்குள்ள மேல தலை காஞ்சு போயிடும். மறுபடி முதல்லேருந்து. காயறதுக்குள்ள முழு எழுத்தும் தரையில நிக்கணும், அதுதான் அவன் வச்ச பந்தயம். காஞ்சா கையை வேகமா ஓட்டணும், வேகமா ஓட்டினா வளைவு கோணும், கோணினா நிதானம் வேணும், நிதானிச்சா காஞ்சு போகும். நின்னு நின்னு கால் சுட்டா ஒத்தைக் கால்ல நிப்பான்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். சித்தப்பாவுக்குத் தொழில் தெரியும். ஒரே ஒரு தடவை மேல வந்து பார்த்துட்டு, ‘எழுத்தைப் பார்க்காதடா, ரெண்டு எழுத்துக்கு நடுவுல விடற இடத்தைப் பாரு’ன்னு சொல்லிட்டுக் கீழ இறங்கிட்டார். அவன் வாழ்க்கையில கிடைச்ச பாடம் அந்த ஒத்தை வாக்கியம்தான்.

கடை திறப்புக்கு முதல் நாள் ராத்திரி. சித்தப்பா ‘விடியக்காலையில வரும்’னு சொல்லிட்டுப் படுத்துட்டார். பையன் பலகையை இறக்கினான். நூல்ல சாக்பீஸ் தூள் தடவி, ரெண்டு முனையையும் இழுத்துப் பிடிச்சு, நடுவுல சுண்டி விட்டான். நூல் பிடிச்ச மறுமுனை நான். டப்புனு ஒரு வெள்ளைக் கோடு. அதுக்குக் கீழ இன்னொண்ணு. கை ஆடாம இருக்க ஒரு குச்சியைப் பலகை மேல சாய்ச்சு அதுல மணிக்கட்டை வச்சுக்கிட்டான். ‘பா’ன்னு தொடங்கினவன், விடிய முன்னால ‘டை’க்கு வந்துட்டான். எனாமல் ஈரம் விளக்குல மினுங்குது. நான் தூங்கிட்டேன்.

காலையில முகூர்த்தம். சித்தப்பா எழுந்து வந்தார். பலகையைப் பார்த்தார். தூரப் போய்ப் பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார். எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம். சித்தப்பா சொன்னார், ‘வந்துடுச்சு.’ என்னது வந்துடுச்சு? ‘ராத்திரி எனக்கு உள்ள வந்துடுச்சு. நான் தூங்கிட்டதால இந்தப் பையன் கை வழியா இறங்கிடுச்சு.’ காந்தக்கல்லு! முதல் வளையம் ஈஸிசேர்ல தூங்குது, ரெண்டாவது வளையம் ராத்திரி பூரா கண்ணு முழிக்குது! பிளேட்டோவைப் படிக்காமலேயே எங்க சித்தப்பா கண்டுபிடிச்சார். சொல்லிட்டு சின்ன பிரஷ்ஷா ஒண்ணு எடுத்தார், வலது பக்க மூலையில தன் பேரை எழுதினார். அந்தப் பலகையில கோணலா இருந்தது அது ஒண்ணுதான்.

பாத்திரக்கடைக்காரர் வந்து பார்த்தார். கண்ணு கலங்கிட்டார். ‘பிறவிக் கலைஞன் பிறவிக் கலைஞன்தான்யா!’ன்னு சித்தப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார், ஒரு பித்தளைக் குடம் பரிசு. பையன் எங்கன்னு பார்க்கிறேன். பின்னால குந்தி, ராத்திரி தான் எழுதின பிரஷ்ஷைத் தானே மண்ணெண்ணெய்ல கழுவிக்கிட்டிருந்தான்.

நடுவர் அவர்களே, நான் சொல்றது அவ்வளவுதான். யாரோ ராத்திரி பூரா கண்ணு முழிச்ச இடத்துலதான் இவங்க போய் ‘பிறவிக் கொடை’ன்னு மூலையில கையெழுத்துப் போடறாங்க.

எதிரணித் தம்பி ஒருத்தர் சொன்னார், புதுமைப்பித்தன் 1906ல பிறந்தது இதே திருப்பாதிரிப்புலியூர்ல, ஜெயகாந்தன் 1934ல பிறந்ததும் இதே கடலூர்ல, இந்த ஊர் தண்ணியிலயே கலை இருக்குன்னு. தண்ணியில இருந்தா அது பிறவிக் கொடை இல்ல தம்பி, நகராட்சிக் கொடை. வரி கட்டின எல்லாருக்கும் வந்திருக்கணும். ஜெயகாந்தன் அஞ்சாவதோட நின்னவர்னும் சொன்னீங்க. நின்னது பள்ளிக்கூடம்தான். அதுக்கப்புறம் அவர் கட்சி ஆபீஸ்லயும் அச்சகத்துலயும் வளர்ந்தவர். படிப்பு அங்க நடந்துச்சு.

ஞானசம்பந்தரைக் கூப்பிட்டாங்க, மூணு வயசுல சீர்காழிக் குளக்கரையில பாடினவர்னு. வள்ளலாரைக் கூப்பிட்டாங்க, ஓதாது உணர்ந்தவர்னு. 1867ல வடலூர் தருமசாலையில அவர் மூட்டின அடுப்பு இன்னிக்கும் எரியுது, அந்தச் சோத்தைச் சாப்பிட்ட வாயால அவரைக் குறுக்கு விசாரணை பண்ண என்னால முடியாது. ஆனா நீங்க சீர்காழியிலேருந்து சாட்சி கூட்டி வந்தா, எனக்கு இங்கேயே, இந்தத் தேரடியிலேயே சாட்சி இருக்கார். பண்ருட்டிப் பக்கம் திருவாமூர்ல பிறந்த மருள்நீக்கியார். அன்னிக்குப் பாடலிபுத்திரம்னு பேர் இருந்த நம்ம ஊர்ச் சமணப் பள்ளியில சேர்ந்து, நூல் நூலாப் படிச்சு, தருமசேனர்னு பட்டம் வாங்கினார்னு சேக்கிழார் சொல்றார். அப்புறம் திருவதிகையில ‘கூற்றாயினவாறு’ன்னு முதல் பதிகம் பாடறார். அதுலயே ஒரு வரி வருது: ‘தமிழோடு இசைபாடல் மறந்தறியேன்.’ மறக்கவே இல்லையாம்! நாக்குல உருட்டிக்கிட்டே இருந்திருக்கார் நாவுக்கரசர். இதுக்குக் கை தட்டறதா இருந்தா இப்பவே தட்டிடுங்க, கல்லைக் கட்டிக் கடல்ல போட்டும் கரையேறினவர் நம்ம கட்சி.

பேராசிரியர் ஐயா பாரதியை விடுவாரா? புதுச்சேரியில பத்து வருஷம், குயில் தோப்புக் காத்து, கவிதை பொங்குச்சுன்னார். அந்தக் காத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் அவர் எழுதித் தள்ளின பத்திரிகைக் கட்டுரைக்கு யார் கணக்கு வச்சிருக்கா? காசியில படிச்சார், புதுச்சேரிக்கு வந்தும் பிரெஞ்சு படிச்சார், அரவிந்தரோட உக்காந்து வேதம் படிச்சார். படிச்சுக்கிட்டே இருந்த மனுசன். அங்கேயே ஒரு தமிழ் வாத்தியார், கனக சுப்புரத்தினம், முறையா இலக்கணம் கத்தவர், பாரதி கேட்டதும் ‘எங்கெங்குக் காணினும் சக்தியடா’ எழுதிக் குடுக்கிறார். அதைப் பத்திரிகைக்கு அனுப்பறப்ப பாட்டுக்கு மேல பாரதி என்ன குறிப்பு எழுதினார்? தன்னோட ‘கவிதா மண்டலத்தைச் சேர்ந்த’வர்னு! அந்தத் திண்ணையில பேசிப் பேசி, பாடிப் பாடி, பாரதிதாசன் ஆனார். ஐயா புதுச்சேரின்னு பெருமைப்பட்டா நானும் கடலூர்னு பெருமைப்படலாம். 1918 நவம்பர்ல பாரதி புதுச்சேரி எல்லையைத் தாண்டினதும் கைதாகி வந்தது எங்க ஊர் சிறைக்குத்தான். உங்க ஊரு காத்து குடுத்துச்சு, எங்க ஊரு கம்பி குடுத்துச்சு.

மூளைப் படம் எடுத்த கதையும் வந்துச்சு. 2008ல ஜாஸ் பியானோக்காரங்களை ஸ்கேன் எந்திரத்துக்குள்ள படுக்க வச்சு, மனசுக்கு வந்ததை வாசிக்கச் சொன்னா, தன்னைத் தானே கண்காணிக்கிற மூளைப் பகுதி அடங்கிப் போச்சாம். ‘பாருங்க, புத்தி ஒதுங்கி அருளுக்கு வழி விடுது!’ன்னார் ஐயா. படுத்தவங்க யாருங்க? ஆறு பேர், அத்தனை பேரும் முழுநேரத் தொழில் கலைஞர்கள். வருஷக் கணக்கா வாசிச்ச கைக்குக் காவல் தேவையில்லைன்னு காவக்காரன் நகர்ந்திருக்கான். என்னைப் படுக்க வச்சு வாசிக்கச் சொல்லுங்க, எந்திரமே ஒதுங்கிப் போயிடும்.

ஔவை பாட்டுல கடைசி ரெண்டு சொல்லை மட்டும் உருவி, ‘பிறவிக் குணம்னு ஔவையே சொல்லியாச்சு’ன்னாங்க. முழுசாச் சொல்றேன், கூடவே சொல்லுங்க, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்:

சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்
வைத்ததொரு கல்வி மனப்பழக்கம் - நித்தம்
நடையும் நடைப்பழக்கம் நட்பும் தயையும்
கொடையும் பிறவிக் குணம்.

சித்திரம் எந்தப் பக்கம் நிக்குது? செந்தமிழ் எந்தப் பக்கம்? நட்பு, இரக்கம், குடுக்கிற மனசு, இந்த மூணைத்தான் அந்தக் கிழவி பிறவிக்கு விட்டுக் குடுத்தா.

மணி அடிச்சிட்டீங்க. ஒண்ணே ஒண்ணு, நடுவர் ஐயா.

பிறவி இசைமேதைன்னா மொஸார்ட் மொஸார்ட்னு எல்லாரும் சொன்னாங்க, ஒருத்தரும் அவன் அக்காவைச் சொல்லலை. நான்னர்ல். தம்பியை விட நாலரை வயசு மூத்தவ. அதே வீடு, அதே அப்பா. அப்பா லியோபோல்ட் 1756ல, மொஸார்ட் பிறந்த அதே வருஷம், வயலின் பாடநூலே எழுதினவர். பிள்ளைங்க ரெண்டு பேரையும் ஊர் ஊராக் கூட்டிப் போய் வாசிக்க வச்சார். ரெண்டு பேரையும் பார்த்து ஐரோப்பாவே வாயைப் பிளந்துச்சு. அவளுக்குக் கல்யாண வயசு வந்துச்சு. அவ்வளவுதான், பயணம் தம்பிக்கு, வீடு அக்காவுக்கு. 1770ல தம்பி அவளுக்கு ஒரு கடிதம் எழுதறான், நீ இவ்வளவு நல்லா இயற்றுவேன்னு நினைக்கலையேன்னு. அவ இயற்றினதுல ஒண்ணு கூட இன்னிக்குக் கிடைக்கலை.

எங்க சித்தப்பாவுக்கு மணிக்கு ஒரு காப்பி கொண்டு போனாங்களே, எங்க அம்மா. அவங்களுக்கு ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். நடவுக் காலத்துல முதல் வரி எடுத்துக் குடுக்கறது அவங்கதான். பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க குனிஞ்சபடி அதை வாங்கிப் பாடுவாங்களாம், அதுக்கு நடுவுலயும் வரப்புலேருந்து கேட்டா இவங்க குரல் தனியா நிக்குமாம். இதை எனக்கு அம்மா சொல்லலை. எங்க மாமா சொன்னார். கல்யாணம் பண்ணி மஞ்சக்குப்பம் வந்தாங்க. அங்க நடவு ஏது? ஒரு நாள் கொல்லையில துணி துவைக்கிறப்பப் பாடியிருக்காங்க. பாட்டி எட்டிப் பார்த்துச் சொன்னாங்களாம், ‘வீட்டுக்கு ஒரு கலைஞன் போதும்.’ திட்டலை, அடிக்கலை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

அதுக்கப்புறம் அம்மா பாடினது கிரைண்டர் ஓடறப்ப மட்டும். அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு அவங்களுக்கு நினைப்பு. நான் கிரைண்டர் மேல கன்னத்தை வச்சுக்கிட்டுக் கேட்ருக்கேன். கல்லு சுத்தற சத்தத்துக்கு உள்ள, அதுக்குச் சுதி சேர்ந்து, ஒரு குரல். மாவு அரைஞ்சாச்சுன்னு சுவிட்சை அணைச்சதும் பாட்டும் பாதியில நின்னுடும். பாதி வரி, வாய்க்குள்ள.

பேராசிரியர் ஐயா அவசரமாக் குறிச்சுக்கிறார். தெரியுது. ‘அந்த அம்மாவுக்கு யார் பயிற்சி குடுத்தா? அப்ப அது பிறவிதானே?’ன்னு அடுத்து எழுந்து கேக்கப் போறீங்க. கேளுங்க ஐயா. இந்த ஒரு சாட்சியை உங்க பக்கமே எழுதிக்கங்க. எனக்கு எதிரா தீர்ப்பு வந்தாலும் வரட்டும், எங்க அம்மாவைப் பத்தி மைக்ல சொல்ல எனக்கு இன்னொரு ராத்திரி கிடைக்காது. அவங்க குரலுக்கு யாரும் பொன்னாடை போர்த்தலை, பித்தளைக் குடம் குடுக்கலை, எந்தச் சுவத்துலயும் அதுக்குன்னு ஒரு சதுரம் விட்டு வைக்கலை.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு, நான் பேசலை, முடிச்சுட்டேன். தம்பி, அந்த ஒயர் இல்லாத மைக்கை எடுத்துக்கிட்டு மூணாவது வரிசைக்குப் போங்க. கை தட்டினாரே, அவருக்குப் பக்கத்துல, பச்சைப் புடவை. ‘எனக்கு ஒண்ணும் வராது, ஆளை விடுங்க’ம்பாங்க. விடாதீங்க. முதல் வரியை வேணா நான் எடுத்துக் குடுக்கறேன். எழுந்திரும்மா.